போட்டோவுக்கு ஒரு தலைவர்

தம்பி, நீங்க தமிழுங்களா? அதானே பாத்தேன்! டீக்காரன்கிட்ட என்னமோ ஒடியாவுல பேசுனீங்க, சரி, இந்தப் பக்கத்து ஆளுன்னு நெனச்சேன். அப்பறம் போன்ல "சாப்பிட்டேன்மா, வெச்சிடறேன்மா"ன்னீங்க பாருங்க, எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சுங்க. காட்பாடி தாண்டுனதுல இருந்து நான் வாயத் தொறக்கலீங்க. யாருகிட்டப் பேசறது? எதுத்த சீட்டுக்காரரு என்னமோ கேட்டாரு, நானும் தலையாட்டுனேன். உடனே எம்பட கீழ் பெர்த்துல அவரு சம்சாரம் படுத்துக்கிச்சு. என்ன கேட்டாருன்னு அப்பத்தானுங்க வெளங்குச்சு.

பேங்கு உத்தியோகங்களா? டிட்லாகர்லயேங்களா? அட, நானும் அங்கதானுங்க எறங்கோணும். நல்லதாப் போச்சு. சித்தெ தள்ளி உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன்.

நம்ம பேரு அவிநாசியப்பனுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி. மொதலாளின்னு நெனச்சுக்காதீங்க, மொதலாளி எங்க மச்சான் சிவமலை. எங்கக்காவைக் கட்டுனவரு. நான் லேபர் பாத்துக்கறேன். வெளியூரு ஆளுங்க, அவங்க தங்கற ஆஸ்டலு, அவங்க திங்கற மெஸ்ஸு, எல்லாம் நம்ம கையிலதான். எதுக்கு ஒடிசாவுக்குப் போறேன்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா? சரி, கேக்காட்டியும் சொல்றேன். வண்டி போயிச் சேர இன்னும் நேரம் கெடக்குதில்ல. நான் ஒரு தலைவர உண்டாக்குனேனுங்க. ஒரே நாள்ல. அந்தத் தலைவரு இப்பக் கோவிச்சுட்டு ஊருல இருக்கறாரு. அவரக் கூப்பிட்டுட்டு வரத்தான் போறேன்.

எங்களுக்கு வெளிநாட்டு பையர் அம்மா ஒருத்தரு இருக்கறாங்க, எங்க சரக்க வாங்கறவங்க. குழந்தைங்க போடற துணி எடுப்பாங்க. முன்னெல்லாம் தையல் நேரா இருக்குதா, தொவச்சா சாயம் போவுதான்னு பாப்பாங்க. நாயமுங்க அது. அப்பறம் தீயணைக்கற சிலிண்டர் எங்கன்னாங்க, வாங்கி மாட்டுனோம். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பா இருக்குதான்னாங்க, போட்டோம். இந்த வருசம் புதுசா ஒண்ணு கெளப்புனாங்க. "உங்க கம்பெனில பல இன மக்கள் வேலை பாக்கறாங்களே, அவங்களையெல்லாம் நீங்க அரவணைச்சுப் போறீங்களா?"ங்கறாங்க. அரவணைக்கறதாமா! பீஸுக்கு இத்தனைன்னு கூலிக்கு வந்த ஆம்பளைங்கள நான் எதுக்குங்க அரவணைக்கோணும்?

எங்களுக்கு ஆடிட்டுக்கு ஆலோசனை சொல்றதுக்குன்னு கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் வருவான். அவன்தான் வெளக்குனான். "சார், ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலைவர் இருப்பாரு. அவரக் கண்டுபிடிச்சு, மேடையில ஏத்தி, மரியாதை செஞ்சு, போட்டோ எடுத்துப் போடோணும். பையர் அம்மாவே நேர்ல வர்றாங்க. புடிச்சுதுன்னா வர்ற வருசத்து ஆர்டர் பூரா நமக்கு. புடிக்கலீன்னா வேற நாட்டுக்குப் போயிரும்"னான். மச்சான் மூஞ்சி சுண்டிப் போச்சுங்க. புது பில்டிங்கு கட்டிட்டு உக்காந்திருக்கறாரு. "அவிநாசி, உம்பட ஆளுங்கதானே, ஒரு தலைவரப் புடி"ன்னாரு.

நம்ம பக்கம்னா தெருவுக்கு நாலு தலைவரு கெடைப்பாங்க. கூப்புடாமயே மாலையோட வந்து நிப்பாங்க. ஆனா ஆஸ்டலுக்குப் போயி, "உங்கள்ள யாருப்பா தலைவரு?"ன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கல. எவனோ தப்புப் பண்ணிட்டான், புடிக்க வந்திருக்கறேன்னு நெனச்சுட்டானுங்க. ஒருத்தன் கக்கூசுக்குள்ள போயித் தாழ்ப்பாப் போட்டுக்கிட்டான்.

அந்தக் கண்ணாடிப் பையன் வேற, "எந்தெந்த இனம் சார்?"னு நச்சரிக்கறான். இந்திக்காரங்கன்னு சொன்னேன். அவன் ஆதார் கார்டையெல்லாம் பாத்துட்டு வந்து, "ஒடிசா, அசாம், ஜார்க்கண்டு, பீகாரு, நேபாளத்துக்காரங்க கூட இருக்கறாங்க சார். வீட்ல இந்தி பேசறவங்க கொஞ்சப் பேருதான்"னான். எனக்கு எப்படிங்க தெரியும்? நான் எல்லாத்தையும் பையான்னுதான் கூப்புடுவேன். மரியாதையான வார்த்தைங்க அது, அண்ணன்னு அர்த்தம். பொம்பளப் புள்ளைங்களையும் பையான்னுதான் கூப்பிட்டுட்டு இருந்தேன், அப்பறம் யாரோ சொன்னாங்க அது சரியில்லீன்னு. அவனுங்களுக்குள்ளயே பேசிக்க மாட்டானுங்க தம்பி. ஒடிசாக்காரன் ஒரு மூலை, பீகாருக்காரன் ஒரு மூலை. ஒரே கொழாயில குளிக்கறதுக்குச் சண்டை. நான் தப்பா ஒண்ணும் சொல்லலீங்க, இருந்தத சொல்றேன்.

கடைசில நானே ஒருத்தனப் புடிச்சேன். அயர்ன் டேபிள்ல நீலாம்பர்னு ஒருத்தன். ஒருத்தரு. அவருன்னு சொல்லிப் பழகோணும்னு மச்சான் சொல்லி அனுப்பியிருக்கறாரு, வாயில வர மாட்டீங்குது. முழுப் பேரு நீலாம்பர் மாஜி. ஆளு நல்ல ஒசரம், காதோரம் கொஞ்சம் நரை, போட்டோல எடுப்பா இருக்கும். நாலு வருசமா எங்ககிட்ட இருக்கறான், ஒரு நாள் வாயத் தொறந்ததில்ல. தமிழ் புரியும், பேசமாட்டான். சம்பளத்துல புடிச்சாலும் பேசமாட்டான், நேரம் கழிச்சு விட்டாலும் பேசமாட்டான். தலைவருக்கு அதவிட என்னங்க தகுதி வேணும்? "நாளைக்கு நீதான் தலைவரு, சட்டையத் தொவச்சுப் போட்டுட்டு வா"ன்னு சொன்னேன். "சரி சார்"னான். அவ்வளவுதான் தேர்தலு.

விழான்னா விழாதானுங்க. நான் எறங்குனா எதுலயும் கொறை வெக்க மாட்டேன். பந்தல், மைக்கு செட்டு, மேடையில நாற்காலி. வாசல்ல பேனர், அதுல மச்சான் படம் பெருசா, எம்பட படம் அதவிடச் சித்தெ சின்னதா, நீலாம்பர் படம் மூலையில. பன்னீர் சொம்பு, கல்கண்டு, சந்தனம். வடக்கத்தி ஆளுங்களாச்சேன்னு ஹோலிப் பொடி தூவலாம்னேன், ஆவணி மாசமா இருந்தா என்ன, கலரு கலரா இருக்குமேன்னு. வெள்ளைத் துணி மூட்டை மூட்டையாக் கெடக்குது, மூடிட்டு இருன்னு மச்சான் சொல்லிட்டாரு.

தலைவருக்குத் தலைப்பா வேணுமில்லீங்களா? சேட்டு கடையில ராஜஸ்தான் தலைப்பாத் துணி வாங்கியாந்தேன், செவப்பும் மஞ்சளுமா. நீலாம்பர் அதக் கையில வெச்சுட்டு முழிக்கறான். அவங்க ஊர்ல அப்படிக் கட்ட மாட்டாங்களாமா. எனக்கும் கட்டத் தெரியாதுங்க. நம்ம கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு உருமால் கட்டுவோமே, அப்படிக் கட்டி உட்டேன். பாக்கறதுக்கு ரெண்டாங் கல்யாணத்துக்கு வந்து நின்னவனாட்டம் இருந்தான்.

டான்சு வெக்கோணும்னு கண்ணாடிப் பையன் சொல்லியிருந்தான், அவங்க கலையாமா. வடக்கத்தி டான்சுன்னா குச்சி வெச்சு அடிப்பாங்களே, அதானுங்களே? அசாம் புள்ளைங்களக் கூப்பிட்டுக் குச்சியக் குடுத்தேன். அதுக நெருப்புக்கோழி முட்டையப் பாக்கற மாதிரி பாக்குதுக. ஆடத் தெரியாதாம். எனக்கு வந்த கோவத்துக்கு, "உங்க டான்சு உங்களுக்கே தெரியாதா?"ன்னு சத்தம் போட்டேன். அப்பறம் நம்ம செக்கிங்ல ருக்குமணின்னு ஒரு புள்ளை, காங்கயத்துப் பக்கம், வாய்த்துடுக்கு எச்சு. "அண்ணா, நாங்க ஆடறோம்"னு வந்துச்சு. ருக்குமணியும் கூட நாலு பொம்பளைங்களும் பளபளன்னு பாவாடை சுத்திட்டு, முக்காடு போட்டுட்டு, மாரியம்மன் நோம்பிக்கு அடிக்கற அதே கோலாட்டத்த அடிச்சாங்க. பாட்டு மட்டும் இந்திப் பாட்டு. பையர் அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. "இத்தனை தொலைவு வந்தும் இவங்க கலைய விடலியே"ன்னாங்களாமா. அசாம் புள்ளைங்க கீழ உக்காந்து ஆச்சரியமாப் பாத்துட்டுக் கைதட்டுச்சுங்க.

மச்சான் பொன்னாடை போத்துனாரு. கேடயம் குடுத்தாரு. "எங்க குடும்பத்துல ஒருத்தர் இவர்"னு பேசுனாரு. நீலாம்பர் மொத தடவையா நாற்காலில உக்காந்திருக்கறத அன்னிக்குத்தான் நானும் பாத்தேன். அயர்ன் டேபிள்ல நின்னுட்டே இருக்கற வேலைங்களே. அத்தோட முடிச்சிருக்கலாம். அந்தம்மா சும்மா இருக்காம, "தலைவர் ரெண்டு வார்த்தை பேசட்டும்"னாங்க. கூட மொழிபெயர்க்கறதுக்கு டெல்லிப் புள்ளை ஒண்ணக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. நான் நெனச்சேன், இவன் எங்க பேசப் போறான், கும்புட்டுட்டு உக்காந்துருவான்னு. எந்திரிச்சான். தலைப்பாவக் கழட்டி நாற்காலி மேல வெச்சான். இந்தியில பேசுனான். அந்தப் புள்ளை மைக்குல இங்கிலீசுல சொல்லுச்சு, கண்ணாடிப் பையன் எங்காதுல தமிழ்ல சொன்னான்.

"நான் தலைவர்னு எனக்கு நேத்துத்தான் தெரியும். எங்க ஊர்ல தலைவர்னா மத்தவங்களுக்காகப் பேசணும். நான் இத்தனை வருசம் எனக்காகக் கூடப் பேசினதில்ல. இனிமே எல்லாரையும் கேட்டுட்டுப் பேசறேன்." அவ்வளவுதானுங்க பேசுனான். பையர் அம்மா எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. அவங்க தட்டுனதப் பாத்துட்டு மச்சான் தட்டுனாரு. மச்சான் தட்டுனதப் பாத்துட்டு நானும் தட்டுனேன். கை செவக்கத் தட்டுனேன் தம்பி. அத நெனச்சாத்தான் இப்ப வயிறு எரியுது.

அன்னிக்கு மெஸ்ஸுல சப்பாத்தி, பன்னீர் குருமா. பன்னீர் நானே போயி வாங்குனது. பாதி மிஞ்சிப் போச்சு.

மறுநாள் காலைல ஆபீசுக்கு வந்தா நீலாம்பர் வாசல்ல நிக்கறான். "என்னடா?"ன்னேன். "சார், எல்லாரையும் கேட்டுட்டேன்"னு மொத தடவையாத் தமிழ்ல பேசறான். என்னத்தடா கேட்டேன்னா, அவங்கவங்களுக்கு என்ன கொறைன்னாமா! நான் சிரிச்சுட்டேனுங்க. "அது போட்டோவுக்குப்பா. போட்டோ எடுத்தாச்சு, போயித் துணியத் தேய்யி"ன்னேன். போவானான்னா, நிக்கறான். "நீங்கதான் தலைவர்னு சொன்னீங்க சார்"ங்கறான். சொன்னா? சொன்னா உடனே தலைவராவே ஆயிக்கறதுங்களா? நம்மூர்ல எத்தனை பேரத் தலைவருங்கறோம், ஒருத்தராவது அந்த மாதிரி நடந்துக்கறாங்களா?

மொதல்ல சோறு வேணும்னான். சப்பாத்தி சுடறதுக்குன்னு நான் மிசினே வாங்கி வெச்சிருக்கறேன் தம்பி, இந்தப் பாவிகளுக்காக. இவன் சொல்றான், "நாங்க சோறு திங்கறவங்க சார். அசாம்காரங்களும் சோறுதான். காலைல பழைய சோத்துல தண்ணி ஊத்தி, வெங்காயமும் பச்சமொளகாயும் போதும்." அட, அது நாம திங்கறதாச்சே! "உங்க சாப்பாட்ட விட்டுப்போட்டு எங்க சாப்பாட்ட எதுக்குடா கேக்கறே?"ன்னு வெரட்டி உட்டேன். அப்பறம் ஞாயித்துக்கெழமை ஆஸ்டல் கேட்டத் தொறந்து விடோணுமாம். பத்திரமா இருக்கட்டுமேன்னுதானே பூட்டறோம்? வெளிய விட்டா பக்கத்துக் கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிருவானில்ல? இதெல்லாம் அவனுங்க நல்லதுக்குத்தானுங்க.

மூணாவதாக் கேட்டான் பாருங்க, அதுலதான் எல்லாம் கெட்டுச்சு. நுவாகாயாமா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புதுசா வெளஞ்ச நெல்லுல சோறாக்கிச் சாமிக்கு வெச்சுட்டு, சொந்தபந்தமெல்லாம் ஒண்ணா உக்காந்து திங்கற நோம்பியாமா. அதுக்கு ஒடிசாக்காரங்க எல்லாத்துக்கும் லீவு வேணும்னான். சிப்மென்டு நேரத்துல! தீவாளிக்கு லீவு விடறேனே, பத்தாதான்னேன். "அது எங்களுக்கு அவ்வளவு பெருசில்ல சார், இதுதான் பெருசு"ங்கறான். சரி, நானும் மனுசன்தானுங்களே, ரோசனை பண்ணிப் புது அரிசி ஒரு மூட்டை வாங்கி மெஸ்ஸுல எறக்கி, "ஆக்கித் தின்னுங்கப்பா, நோம்பி முடிஞ்சுது"ன்னேன். எத்தனை பேருங்க இப்படிச் செய்வாங்க? அவன் அந்த மூட்டையத் தொட்டுக் கும்புட்டுட்டு, "சார், எங்க நெலத்துல வெளஞ்சது வேணும். எங்கம்மா கையால வாங்கணும். வருசம் பூரா பேசாத அண்ணன் தம்பி கூட அன்னிக்குப் பக்கத்துல வந்து உக்காருவாங்க"ன்னான்.

நீங்க சிரிக்கறீங்க. பொங்கலுக்கு எங்க கம்பெனியும் வாரம் பூரா பூட்டித்தான் கெடக்கும், ஒத்துக்கறேன். மாரியம்மன் நோம்பிக்கு நானே ஊருக்குப் போயிருவேன், மச்சான் கூப்பிட்டாலும் போன எடுக்க மாட்டேன். அது வேறங்க தம்பி. நாம போறது பண்பாடு. அவனுங்க போறது லீவு.

முடியாதுன்னு சொல்லிப்போட்டு, தலைவர மாத்திரலாம்னு முடிவு பண்ணேன். நான் வெச்ச ஆளுதானே, நான் எடுக்கறேன். பீகாருக்காரன் ஒருத்தனக் கூப்பிட்டு, "இனி நீதான் தலைவரு, தலைப்பா இங்கதான் இருக்குது"ன்னேன். "தலைவர் நீலாம்பர் சார்"னான். நேபாளத்துக்காரனக் கூப்பிட்டேன், அவனும் அதேதான். அசாம் புள்ளைங்களக் கேட்டேன், அதுகளும் அதேதான். கொழாயடில மண்டைய ஒடைச்சுக்கிட்டவனுங்க தம்பி! மெஸ்ஸுல எல்லாம் ஒரே வரிசையில உக்காந்து பேசிக்கறானுங்க, ஒருத்தன் பாஷைய ஒருத்தன் திருத்திக்கறான். பல இன மக்கள ஒண்ணு சேத்தது யாருங்க? நான்தானுங்க. விருது குடுக்கறதுன்னா நாயமா எனக்குத்தானுங்க குடுக்கோணும்.

கூத்து அத்தோட நிக்கல. நம்ம ருக்குமணி இருக்குதே, அது போயி நீலாம்பர்கிட்டச் சொல்லுதாம், செக்கிங்ல பொம்பளைங்க உக்கார ஸ்டூல் வேணும்னு. ஏம்புள்ளை, நம்ம சாதி சனம்னு நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறேன், எங்கிட்டச் சொல்றதுக்கென்னன்னு கேட்டேன். "உங்ககிட்டப் பத்து வருசமாச் சொல்லிட்டுத்தானுங்ண்ணா இருக்கறேன்"னு சொல்லிப்போட்டு விசுக்குன்னு போயிருச்சு. அரைகுறைத் தமிழ் ஆளுகிட்டப் போயி எப்படிச் சொன்னேன்னு கேட்டா, நின்னு காமிச்சுச்சாம், முட்டியத் தொட்டுக் காமிச்சுச்சாம். அவனும் நின்னு வேலை பாக்கறவன்தானே, புரிஞ்சுக்கிட்டானாம்.

ஒரு நாள் காலைல போனா அயர்ன் டேபிளு காலி. ஒடிசாக்காரங்க எல்லாம் நோம்பிக்குக் கெளம்பிட்டாங்க. ஓடலீங்க. சொல்லாமக் கொள்ளாமப் போகல. நீலாம்பர் மச்சான் வீட்டுக்கே போயி, எங்கக்காகிட்டச் சொல்லிட்டு, எங்கக்கா குடுத்த காப்பியையும் குடிச்சுப்போட்டுப் போயிருக்கறான். மிச்சம் இருக்கறவங்க மிசின்ல உக்காந்திருக்கறாங்க, மிசின் ஓட மாட்டீங்குது. "தலைவர் வரட்டும்"ங்கறாங்க. ருக்குமணி செட்டும் கையக் கட்டிட்டு உக்காந்திருக்குது. குழந்தைத் துணி மலையாட்டக் குமிஞ்சு கெடக்குது. என்னால பாக்க முடியலீங்க.

அன்னிக்குப் பாத்துத்தான் பையர் அம்மா போன் பண்றாங்க. "எங்க தலைவர் நீலாம்பர் எப்படி இருக்கார்? அவர் படத்தத்தான் எங்க கம்பெனி மலருக்கு அட்டையில போட்டிருக்கோம். அடுத்த தடவை எங்க பெரியவங்களோட வர்றோம், அவங்க அவரோட உக்காந்து பேசோணும்னு ஆசைப்படறாங்க." ஆர்டர் கையெழுத்தும் அப்பத்தானாமா. மச்சான் சிரிச்சுட்டே பேசிப்போட்டு போன வெச்சாரு. அப்பறம் என்னப் பாத்தாரு. அந்தப் பார்வைய எங்கக்கா கல்யாணத்துல இருந்து நான் பாத்ததில்லீங்க.

நீலாம்பருக்குப் போன் போட்டோம். மச்சானே பேசுனாரு, ஸ்பீக்கர்ல. "நீங்க" "வாங்க"ன்னு பேசறாரு! அவரும் மரியாதையாத்தான் பேசுனாரு, அத நான் கொறை சொல்ல மாட்டேன். "கோவம் இல்ல சார். உங்க ஆளு ஒருத்தர் நுவாகாய்க்கு எங்க ஊருக்கு வரணும். எங்க கூட உக்காந்து புதுச் சோறு திங்கணும். அன்னிக்கு ஒண்ணா உக்காந்தவங்களுக்குள்ள சண்டை இருக்கக் கூடாது, அது எங்க வழக்கம். அப்பறம் எல்லாரும் சேந்து கெளம்பி வர்றோம்"னாரு. அதான் போறேன். நாளைக்கு அவரு பக்கத்துல எனக்கு எலை போடுவாங்களாம். எலையோ தட்டோ, உங்களுக்குத்தான் தெரியும்.

அங்க போயி ஒரு சேதியும் சொல்லோணும். "தொழிலாளர் நல மேலாளர்னு பதவி குடுக்கறோம்னு சொல்லு, தனி ரூமுன்னு சொல்லு"ன்னாரு மச்சான். "அது நான் பாக்கற வேலைதானுங்களே மச்சான்?"னேன். "ஆமா"ன்னாரு. அத்தோட வேற பேச்சுக்குப் போயிட்டாரு. வேலை கெடக்குதுங்க எக்கச்சக்கமா, ரெண்டு பேரு இருந்தா நல்லதுதான்னு நானும் நெனச்சுக்கிட்டேன்.

தனி ரூமு எங்க இருக்குதுன்னா கேக்கறீங்க? அங்க இருக்கறதே ஒரு ரூமுதானுங்க. நான் உக்கார்ற ரூமு. சுண்ணாம்பு அடிச்சுட்டு இருக்கறாங்கன்னு ருக்குமணி போன்ல சொல்லுச்சு. அது கேக்காமயே சொல்லுச்சு.

இல்லீங்க, என்னை வேலைய விட்டு எடுக்கலீங்க. மச்சான் அப்படிச் செய்ய மாட்டாரு, எங்கக்கா விடாது. ரயில்ல ஏத்தி விடறப்பத்தான் சொன்னாரு. "அவிநாசி, அவங்களை அனுப்பி வெச்சுட்டு நீ அங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிக்க. இனிமே ஆளுங்கள அந்த ஊர்லயே சேத்து அனுப்பறதுக்கு நம்மாளு ஒருத்தரு வேணும். நீலாம்பர் வீட்டுல ஒரு கை ஒத்தாசை பண்ணுவாங்க"ன்னாரு. எத்தனை நாளைக்குன்னு கேட்டேன். வண்டி கெளம்பிருச்சு.

பாஷை தெரியாதுங்க தம்பி. இந்த டீக்காரன்கிட்டச் சக்கரை கம்மியா போடுன்னு சொல்லத் தெரியல, நேத்துல இருந்து பாயசமாட்டம் குடிச்சுட்டு இருக்கறேன். பொங்கலுக்கு அங்க லீவு இருக்குதுங்களா? இருக்காது. வூட்டுக்காரி போன்ல அழுவறா, நான் சிரிச்சுட்டே பேசறேன். பயமாத்தான் இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அம்பத்தஞ்சு வயசு ஆச்சுங்க.

ஏனுங்க தம்பி, அந்த ஊர்ல நம்ம தமிழாளுங்க இருக்கறாங்களா? ஒரு சங்கம் கிங்கம்? உங்களாட்டம் பாதி ஒடியா பேசறவங்களா இருந்தாலும் பரவால்லீங்க. அவங்களுக்குத் தலைவருன்னு யாராச்சும் இருக்கறாரா? இருந்தா அவரு நெம்பர் குடுங்க, மொத வேலையாப் போயிப் பாத்துடறேன். நாளைக்கு ஒண்ணுன்னா நமக்காகப் பேசறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?